பக்கத்து வீட்டு மாமரம் பட்டுப்போகாமல் வீடு கட்டுவது எப்படி?

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸில் பழைய தரை வீட்டை இடித்துக் கட்டப்போகிறீர்கள், வேலியோரம் பக்கத்து வீட்டு மாமரம் நிற்கிறது, அதற்குச் சேதம் வரக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிளையைவிட வேருக்குத்தான் ஆபத்து அதிகம். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், சுமார் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே பரவியிருக்கும், வேலி அவற்றைத் தடுக்காது. அடிமரக் குறுக்களவைப் போல 12 மடங்கு தூரம் வரை வேர்ப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 செ.மீ. மரம் என்றால் ஏறக்குறைய 5 மீட்டர், அதாவது உங்கள் மனைக்குள்ளும்தான்.

இடிப்பு வேலைக்கு முன்பே அந்த இடத்தைத் தடுப்பு போட்டு அடைத்துவிடுங்கள். லாரி ஏறினால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாது. சிமெண்ட் கலவை கழுவிய தண்ணீரை அங்கே ஊற்றவே விடாதீர்கள். அதன் காரத்தன்மை மண்ணைக் கெடுத்துவிடும். கட்டுமானக் குத்தகையாளரிடம் இதை எழுத்தில் வாங்குவது நல்லது, வாய்ப்பேச்சு வேலைத்தளம்வரை போய்ச் சேராது.

அப்புறம், அஸ்திவாரம் தோண்டும்போது வேர் குறுக்கிட்டால்? எக்ஸ்கவேட்டர் பிய்த்து இழுத்தால் வேர் நார்நாராகக் கிழிந்து அழுகும். கையால் தோண்டி, கூரிய ரம்பத்தால் நேராக வெட்டவேண்டும். தடித்த வேரென்றால் மரநிபுணரைக் கேட்காமல் தொடாதீர்கள். பக்கத்து வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாலையோர மரம் என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்கவே கூடாது.