பழைய நோட்டுத் தாளில் பிள்ளைகளோடு வீட்டிலேயே காகிதம் செய்ய முடியுமா? கூழை வார்த்தெடுக்கும் அச்சு வாங்க வேண்டுமா?

தாராளமாகச் செய்யலாம், அச்சு வாங்க வேண்டாம். எம்பிராய்டரி வளையத்தில் நைலான் கொசுவலையை இறுக்கி மாட்டினால் போதும். வட்டக் காகிதம் வரும். சதுரமாக வேண்டுமென்றால் பழைய போட்டோ சட்டத்தில் வலையை அடித்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்த நோட்டுத் தாள்தான் இதற்கு நல்லது. செய்தித்தாளில் செய்தால் சாம்பல் பூத்து, சீக்கிரம் நொறுங்கும். கடை பில்லையும் ஏ.டி.எம். சீட்டையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அவை சூட்டில் கறுக்கும் ரசாயனம் பூசிய தாள்கள், பலவற்றில் பிஸ்பீனால் என்ற, உடலுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறது. பிள்ளைகள் முழங்கைவரை கைவிட்டு அளையப்போகும் தண்ணீர் இது.

ஸ்டேப்ளர் பின்களை எடுத்துவிட்டு, தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ராத்திரி ஊறப்போடுங்கள். மறுநாள் தண்ணீர் தாராளமாக விட்டு மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும், அது நம் வேலை. ரொம்ப அரைத்தால் நார் அறுந்து காகிதம் வலுவிழக்கும்.

அகலமான டப்பில் தண்ணீர் ஊற்றிக் கூழைக் கரையுங்கள். நீர்மோர் பதம்தான் சரி. கெட்டியாக இருந்தால் காகிதம் அட்டையாகிவிடும். இனி எல்லாம் பிள்ளைகள் கையில்தான். கூழ் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு, வளையத்தைச் சாய்வாக உள்ளே இறக்கி, படுக்கவைத்து, மட்டமாக மேலே தூக்க வேண்டும். தண்ணீர் சொட்டும்போதே முன்னும் பின்னும், அப்புறம் பக்கவாட்டில் லேசாக அசைத்தால் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். மேலே இருக்கும் ஈர மினுமினுப்பு மறைந்ததும் பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து, வலையின் முதுகில் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக வலையை உயர்த்தினால் காகிதம் துணியிலேயே தங்கும். பிய்ந்துபோனாலும் கவலையில்லை, திரும்ப டப்பில் போட்டுக் கலக்கலாம். இந்த இடத்தில் பெரியவர்கள் கையை நீட்டாமல் இருப்பது ரொம்ப முக்கியம் என்பேன்.

"பசையே போடலையே, எப்படிம்மா ஒட்டுது?" என்று என் மகள் கேட்டாள். காகிதத்தில் இருக்கும் செல்லுலோஸ் என்ற தாவர நார்கள் காயும்போது தண்ணீர் விலக விலக நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய ஈர்ப்பால் தாமாகவே பிடித்துக்கொள்கின்றன. நனைந்தால் அந்தப் பிடி விடுகிறது, அதனால்தான் பழைய தாள் ஊறிக் கரைகிறது. நார் இருந்தால் போதும் என்று புரிந்துவிட்டால் அடுத்தடுத்த கேள்விகள் தானாக வரும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள டி.என்.பி.எல். என்ற தமிழ்நாடு அரசுக் காகித ஆலையில் பெரும்பாலும் கரும்புச் சக்கையில்தான் காகிதம் செய்கிறார்கள் என்று சொன்னதும், ஜூஸ் கடையில் குவிந்து கிடக்கும் சக்கையை நின்று பார்க்க ஆரம்பித்தாள்.

பேனாவால் எழுதப் போகிறீர்களென்றால் கூழில் கொஞ்சம் சோற்றுக் கஞ்சி கலந்துகொள்ளுங்கள், மை அவ்வளவாகப் பரவாது. அலங்காரத்துக்கு வெங்காயச் சருகு அழகாக இருக்கும். ரோஜா இதழ் பழுப்பேறிவிடும். கீரை விதை தூவுவதென்றால் மிக்ஸியில் அடித்த பிறகு தூவி, நல்ல காற்றோட்டத்தில் சீக்கிரம் உலர்த்த வேண்டும், இல்லையென்றால் காகிதத்திலேயே முளைவிடும். விதை தூவிய காகிதத்தை இஸ்திரி போட்டு உலர்த்தவும் கூடாது. மற்ற காகிதங்களைத் துணியோடு சேர்த்துக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டுப் பிறகு உலர்த்துங்கள், சுருங்காது.

மிஞ்சிய கூழை மட்டும் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் வடிகட்டிப் பிழிந்து உருண்டையாகக் காயவைத்தால் அடுத்த முறைக்கு ஊறப்போட ஆகும்.