அரைஞாண்கயிறும் எம்.ஆர்.ஐ. அறையும்

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. காய்ச்சல் இல்லாமலே இரண்டு முறை வலிப்பு வந்ததால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். போன மாதம் "பார்க்குக்குப் போறோம்" என்று சொல்லி அழைத்துப் போனோம். மெஷினைப் பார்த்ததும் கத்தித் தீர்த்துவிட்டாள். எடுக்க முடியாமல் திரும்பினோம். அடுத்த வாரம் மயக்கம் கொடுத்து எடுக்கப் போகிறார்கள். மாமியார் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு அவள் அரைஞாணில் தாயத்து கட்டியிருக்கிறார். கழற்றவே கூடாது என்கிறார். குழந்தையை எப்படித் தயார் செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் என் வேலை. பார்க் என்று நம்பி வந்த குழந்தைகளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம். அம்மாவின் முந்தானையை விடவே மாட்டார்கள். அவர்களுக்கு மெஷின் மேல் இருக்கும் பயத்தைவிட, அம்மா சொன்ன இடம் இது இல்லையே என்ற கலக்கம் பெரிது. அதனால் இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் முன்பே வேண்டாம், இந்த வயதுக்கு அது தாங்காது. முதல் நாள் சாயங்காலம் போதும்.

என்ன சொல்வது? "உன் தலைக்குள்ள டாக்டர் படம் எடுக்கணும். அதுக்கு ஆடாம இருக்கணும். அதனால மருந்து குடுத்துத் தூங்க வெப்பாங்க. படம் எடுத்ததும் எழுப்பிடுவாங்க. எழுந்திருக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பேன்." இவ்வளவுதான். (கடைசி வரியை மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்த பிறகு சொல்லுங்கள்.) ஊசி வலிக்குமா என்று கேட்டால் வலிக்காது என்று சொல்லிவிடாதீர்கள். "சுருக்குனு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள சரியாயிடும்" என்பது நேர்மையான பதில். மரத்துப்போகச் செய்யும் களிம்பு ஒன்று உண்டு. அதை ஒரு மணி நேரம் முன்பே கையில் தடவ வேண்டும், அதனால் போனதுமே கேளுங்கள். சில இடங்களில் முகத்தில் மாஸ்க் வைத்துத் தூங்க வைப்பார்கள். வீட்டில் பலூன் ஊதி விளையாடியிருந்தால் அப்போது கைகொடுக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீட்டுக்கு வீடு சறுக்கல். காலை 9 மணிக்கு ஸ்கேன் என்றால் விடியற்காலை 3 மணிக்குப் பிறகு பால், பிஸ்கட் எதுவும் கூடாது, 7 மணி வரை வெறும் தண்ணீர் தரலாம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். "பால்தானே, வெறும் வயிறா அனுப்புறதா?" என்று பாட்டிகள் அரை டம்ளர் கொடுத்துவிடுவது உண்டு. மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அன்று காலை அதை எப்படிக் கொடுப்பது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சளி, இருமல் இருந்தால் போன் செய்து சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

இப்போது தாயத்து. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது, இருப்பது பெரிய காந்தம். இரும்பு கலந்த எதையும் பிடித்து இழுக்கும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளியும் செம்பும்கூட உள்ளே சூடேறி தோலைச் சுடலாம். தாயத்துக்குள் என்ன தகடு இருக்கிறது என்று கட்டியவருக்கே தெரியாது. ஆகவே அரைஞாண், கொலுசு, தோடு எல்லாம் வெளியே. கண் மையையும் துடைத்துவிடுங்கள், சிலவற்றில் உலோகப் பொடி இருக்கும். திருநீறு இருக்கலாம். வேண்டுதலுக்காக மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய் அவள் சட்டைப்பையில் போய்விடாமல் பாருங்கள், அந்த நாணயம் காந்தத்தில் ஒட்டும். உங்களையும் உள்ளே விடுவதாக இருந்தால் தாலிச்சரட்டில் கோர்த்திருக்கும் ஊக்குகளை மறக்காதீர்கள். எத்தனை அம்மாக்கள் வாசல்வரை வந்து "ஐயோ, ஊக்கு!" என்று திரும்பியிருக்கிறார்கள் தெரியுமா?

மாமியாரின் நம்பிக்கையோடு சண்டை போடத் தேவையில்லை, அது உங்களுக்குத் துணைதான். ஒரே ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். "அழுதா சாமி கண்ணைக் குத்திடும்", "சமத்தா இருந்தாத்தான் ஆத்தா நல்லாக்குவா" போன்ற பேச்சு வேண்டாம். நாளைக்கு ரிப்போர்ட்டில் ஏதாவது வந்தால், தான் அழுததால்தான் என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொள்ளும். இந்த வயதில் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். "பயமா இருந்தா ஆத்தாவைக் கூப்பிடு, அம்மாவையும் கூப்பிடு" என்று சொல்லுங்கள், போதும்.

மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் காரணமில்லாமல் வீறிட்டு அழுவார்கள், ஆள் தெரியாதது போல உதறுவார்கள். பதறாதீர்கள், பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். அப்புறம், நர்ஸ் சொன்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்.

நன்றியை ரிப்போர்ட் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். ரிப்போர்ட் வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம், உங்களுக்குத் தூக்கம் வராது. அன்று ராத்திரி படுக்கும்போது "இன்னிக்கு உனக்கு யார் யார் உதவி பண்ணாங்க?" என்று அவளிடமே கேளுங்கள். ஊசி போட்ட அக்கா, ஸ்ட்ரெச்சர் தள்ளிய அண்ணன், ஆட்டோ மாமா என்று அவள் பட்டியல் விநோதமாகப் போகும். போகட்டும். ஊசி போட்ட அக்கா வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள்.

மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரைஞாணை அவர் கையாலேயே அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். குழந்தை கண் விழித்ததும் அவரே திரும்பக் கட்டிவிடட்டும்.