உவர்நீரிலும் வாடாத பூச்செடிகள்

கேள்வி: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. ஆண்டு முழுவதும் பசுமையாக நின்று பூக்கும் குத்துச்செடிகள் எவை? ஏற்கெனவே வைத்த இட்லிப்பூச் செடியின் இலைகள் மஞ்சளாகிவிட்டன.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இட்லிப்பூ அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இலை நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இதுவே காரணம். அதைத் தொட்டியில் மட்கிய உரம் மிகுந்த கலவைக்கு மாற்றி, இயன்றவரை மழைநீரை ஊற்றுங்கள்.

தரையில் நட அரளியையே முதலில் பரிந்துரைப்பேன். கடும் வெயிலையும் வறட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்குவதால்தான் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் அதை வரிசையாக நடுகிறார்கள். பென்சில் பருமனுள்ள தண்டுகளை வெட்டி நட்டாலே வேர்பிடிக்கும். நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். புதிய தளிர்களின் நுனியில்தான் பூ வருமென்பதால், பூப்பு ஓய்ந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள்.

ஆனால் அரளியின் இலை, தண்டு, பூ, விதை அனைத்துமே நஞ்சு. காய்ந்த சருகை எரித்தால் எழும் புகையும் தீங்கானது. சிறு குழந்தைகளோ ஆடுமாடுகளோ உள்ள வீடாயின் அதைத் தவிர்த்துச் செம்பருத்தியை வையுங்கள்; மாவுப்பூச்சித் தொல்லை உண்டு என்றாலும் அச்சமின்றி வளர்க்கலாம்.