கொழும்பிலிருந்து மூன்று கிழமை பாரிஸ், சூரிச், திரும்பும்போது சென்னை. குறைந்த செலவில் போன் பாவிப்பது எப்படி? வங்கி ஓ.டி.பி.யும் வரவேண்டும்.

ஒரே சிம்மில் எல்லாவற்றையும் செய்யப் பார்த்தால்தான் பில் ஏறும். இலங்கை நம்பரை எஸ்.எம்.எஸ். வாங்குவதற்கு மட்டும் உயிரோடு வைத்திருங்கள். டேட்டாவை வேறு சிம்மில் எடுங்கள்.

முதலில் இலங்கை சிம். ரோமிங்கை, அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்கில் இந்த சிம் இயங்கும் வசதியை, கட்டுநாயக்க விமான நிலையம் போகுமுன்பே திறந்துவிடுங்கள், பிறகு வெளியிலிருந்து திறப்பது பெரும் கரைச்சல். பிரீபெய்ட் என்றால் கொஞ்சம் ரீலோட் போட்டு வையுங்கள். வருகிற எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் காசு இல்லை. ஆனால் வருகிற கோலை எடுத்தால் நிமிடக் கணக்கில் உங்களுக்குத்தான் விழும். வீட்டில் இருப்பவர்களிடம் வட்ஸ்அப்பில் கோல் எடுக்கச் சொல்லுங்கள். இந்த சிம்மின் டேட்டா ரோமிங் மூடியே இருக்கட்டும். ஐபோனில் இன்னொரு பொறி உண்டு: செல்லுலார் டேட்டா பகுதியில், ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதற்குத் தானாகத் தாவும் வசதியையும் மூடிவிடுங்கள். அது திறந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலே இலங்கை சிம்மில் டேட்டா ஓடலாம்.

பலர் கவனிக்காதது கோல் ஃபோர்வர்டிங், அதாவது வருகிற கோலை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி. நீங்கள் எடுக்காத கோல் வொய்ஸ்மெயிலுக்குத் திரும்பினால், அது கொழும்பிலிருந்து பாரிஸுக்கு வந்து மறுபடி கொழும்புக்குப் போகிறது. இரண்டு தூரத்துக்கும் கட்டணம் உங்கள் தலையில் விழலாம். புறப்படுமுன் ##004# டயல் செய்தால், பிஸி, எடுக்கவில்லை, தொடர்பில் இல்லை என்ற மூன்று ஃபோர்வர்டிங்கும் நீங்கும். மிஸ்ட் கோல் அலெர்ட்டும் சேர்ந்து நின்றுபோகலாம், நாடு திரும்பிய பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது டேட்டா. இதற்கு ஈ-சிம் நல்லது, பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம் அது. உங்கள் போனில் அது வேலை செய்யுமா என்று பார்க்க *#06# டயல் செய்யுங்கள். போனின் அடையாளமான ஐ.எம்.ஈ.ஐ. எண்ணோடு ஈ.ஐ.டி. என்று நீளமான எண்ணும் வந்தால் போனில் ஈ-சிம் வேலை செய்யும். சீனச் சந்தைக்கான ஐபோன்களில் பெரும்பாலானவற்றில் ஈ-சிம் கிடையாது, இரண்டு பிளாஸ்டிக் சிம் போடலாம். மறுபக்கம், அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சிம் தட்டே இல்லை. ஆகவே கொழும்பு லிபர்ட்டி பிளாசாவில் செகண்ட்ஹேண்ட் வாங்கும்போது எந்த நாட்டு மொடல் என்று கேட்பது நல்லது. உறவினர் அனுப்பிய போன் என்றால் நெட்வொர்க் லொக், அதாவது ஒரே கம்பனியின் சிம் மட்டும் வேலை செய்யும் பூட்டு, இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பயண ஈ-சிம்மை வீட்டு வைஃபையில் வைத்தே இன்ஸ்டோல் செய்யுங்கள். அதற்கு வரும் கியூ.ஆர். கோட் பலவும் ஒரு தடவைக்குத்தான், சும்மா இருக்கிறதே என்று ஈ-சிம்மை அழித்துவிட்டால் காசு போச்சு. இறங்கியதும் இணையம் வரவில்லை என்று பதறுவோரில் பலர் செய்யாதது ஒன்றுதான்: பயண ஈ-சிம்முக்கு டேட்டா ரோமிங்கைத் திறக்கவேண்டும். இலங்கை சிம்முக்கு மூடு, இதற்குத் திற. அப்படியும் வராவிட்டால் விற்றவர் அனுப்பிய ஏ.பி.என். பெயரை (இணையத்தோடு இணைக்கும் செட்டிங்) கையால் போடுங்கள்.

பாரிஸில் லா சப்பல் பகுதியின் தமிழ்க் கடைகளிலேயே லைக்கா, லெபாரா சிம் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் முதல் ஒரு நாட்டு சிம்மை மற்ற நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் பாவிக்கலாம். ஆனால் சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, அந்த விதி அங்கே செல்லாது. லண்டனுக்கும் அதே கதைதான். பிரெஞ்சு சிம்மோடு சூரிச்சில் இறங்கினால் மிச்சப் பணம் நிமிடத்தில் கரையலாம். அதனால் உங்கள் பயணத்துக்கு, நாடுகளின் பட்டியலில் சுவிஸ் பெயர் எழுத்தில் இருக்கும் ஐரோப்பிய ஈ-சிம் ஒன்றை எடுப்பதே என் தெரிவு. பிளாஸ்டிக் சிம்தான் என்றால், பாசல் எல்லைப் பக்கம் பிரெஞ்சுப் பகுதியில் நிற்கும்போது நெட்வொர்க்கைத் தானியங்கியில் விடாமல் கையால் தெரிவு செய்யுங்கள். சுவிஸ் மொபைல் கோபுரம் பக்கத்தில்தான் நிற்கும்.

சென்னை வேறு மாதிரி. வெளிநாட்டவருக்கு உள்ளூர் சிம் கொடுக்கப் பாஸ்போர்ட், விசாப் பிரதி, படம் கேட்பார்கள், இயங்கத் தொடங்கச் சில மணி நேரம் எடுக்கலாம். மூன்று நாள் புடவைக் கடைக்கும் கோயிலுக்கும் என்றால் ஈ-சிம் போதும். ஆஸ்பத்திரிக்காக ஒரு மாதம் என்றால் உள்ளூர் சிம் எடுத்தே ஆகவேண்டும். டேட்டா மட்டும் தரும் ஈ-சிம்மில் நம்பர் கிடையாது. ரயில் நிலைய வைஃபை, வாடகை வண்டி, சாப்பாடு டெலிவரி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இந்திய நம்பருக்கு வரும் ஓ.டி.பி. கேட்கும்.

புது சிம் போட்டதும் வட்ஸ்அப் நம்பரை மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள், பழைய நம்பரிலேயே ஓடும். செட்டிங்ஸில் கோலுக்குக் குறைந்த டேட்டா என்ற தெரிவைத் திறங்கள். வீடியோ கோலும் கூகுள் போட்டோஸ் பேக்கப்பும்தான் டேட்டாவைக் குடிக்கும், இரண்டையும் வைஃபைக்குத் தள்ளுங்கள். துபாய் வழியாகப் போனால் அங்கே வட்ஸ்அப் மெசேஜ் போகும், கோல் பெரும்பாலும் போகாது.

ஸ்மார்ட்போன் இல்லாத அம்மம்மாவின் லேண்ட்லைனுக்கு எடுக்க வைபர் அவுட்டில் கொஞ்சம் கிரெடிட் போதும். ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது, பழைய பதில்களைப் பார்த்து அதைத் தேடவேண்டாம். விமானத்தில் ஏறியதும் மறக்காமல் ஏரோபிளேன் மோட். சில விமானங்களில் சொந்த மொபைல் நெட்வொர்க் உண்டு, ரோமிங் திறந்த சிம் அதில் தானாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டணம் தரையில் உள்ளதைவிட மிக அதிகம், வழமையான ரோமிங் பேக்கேஜும் பெரும்பாலும் அதைத் தாங்காது.