மலைப் பாதை பஸ்ஸில் புத்தகம் வேண்டாம்

சகோதரி, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் பஸ்ஸில் மகளைப் படிக்க வைத்தால் வாந்தி எடுக்கிறாள், வேலை முடிந்து வந்தபின் வீட்டிலும் நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

பஸ்ஸில் புத்தகத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். உடல் வளைந்து திரும்புவதை உள்காது உணர்கிறது. புத்தகப் பக்கத்தில் பதிந்த கண்ணோ அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். பிள்ளைக்குப் படிப்பில் வெறுப்பு என்று நினைத்துத் திட்டிவிடாதீர்கள், பாவம். முன்பக்க இருக்கையில் அமர்த்தி, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகை, ஊர்ப் பெயர், கடைப் பலகை எல்லாவற்றையும் உரக்கப் படிக்கட்டும். அதுவும் வாசிப்புதானே! கதையை நீங்கள் வாயால் சொல்லுங்கள். முடிவை மட்டும் பாக்கி வையுங்கள். மறுநாள் அவளே கேட்பாள்.

வீட்டில் தனியாக நேரம் ஒதுக்க முடியாது என்பது உண்மைதான். நீங்கள் சப்பாத்தி தேய்க்கும்போது அவள் அடுப்படியில் உட்கார்ந்து உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். தப்பாகப் படித்தால் உடனே திருத்த வேண்டாம். குழந்தைகள் புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் வாசிப்பு நிலைவாரியாக, இலவசமாகக் கிடைக்கின்றன. அலுவலகத்தில் அச்செடுக்க விடுவார்களா?

வாந்தி தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.