ஸ்டேக்ஹவுஸ் விருந்து: காசு எதற்குப் போகிறது?

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் திருமண நாள். நியூயார்க்கில் இருக்கும் பழைய ஸ்டேக்ஹவுஸ் (மாட்டிறைச்சித் துண்டைச் சுட்டுத் தரும் உணவகம்) ஒன்றுக்குப் போகலாம் என்கிறார் கணவர். அங்கே ஒரு ஸ்டேக் விலைக்கு எங்கள் வீட்டுக்கு வார மளிகையே வாங்கிவிடலாம். அவ்வளவு காசுக்கு அதில் அப்படி என்ன இருக்கிறது? பில் கைமீறாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்? அவருக்குக் கறி நன்றாக வெந்திருக்க வேண்டும். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை.
- வாசகி, ஜெர்சி சிட்டி

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். நல்ல கடை என்றால் அந்த விலைக்கு நியாயம் உண்டு. அந்த நியாயம் பெரும்பாலும் இறைச்சியில்தான் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை மாட்டிறைச்சியை ப்ரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிக்கிறது. தசைக்குள் கோடு கோடாகப் படிந்திருக்கும் கொழுப்புதான் இதில் முக்கிய அளவுகோல். ப்ரைம் தரம் கிடைப்பது குறைவு, அதனால் விலை கூடுதல்.

அப்புறம் டிரை ஏஜிங். எலும்போடு பெரிய துண்டாக, உறைநிலைக்குச் சற்று மேலான குளிர் அறையில் மூன்று நான்கு வாரம் காற்றுப்பட வைத்திருப்பார்கள். இறைச்சியில் இருக்கும் நொதிகளே நாரை இளக்கிவிடும். நீர் வற்ற வற்ற ருசி ஏறும். மேலே காய்ந்து கறுத்த பகுதியைச் சீவி எறிந்துவிட்டு மீதியைத்தான் சுடுவார்கள். வற்றிப்போன எடைக்கும் சீவிப்போட்ட எடைக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

மெனுவைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'ப்ரைம் ரிப்' என்பது மாட்டின் விலாப் பகுதித் துண்டு. அது ப்ரைம் தரமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'ஆங்கஸ்' என்பது மாட்டினம், தரம் அல்ல. 'கோபே' என்று போட்டிருந்தால் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஜப்பானின் ஹியோகோ மாகாணத்து மாடு, அமெரிக்காவில் மிகச் சில உணவகங்களுக்கே வருகிறது.

உங்கள் கணவருக்கு 'ரிப்-ஐ' என்ற விலாப் பகுதித் துண்டைச் சொல்லுங்கள். 'ஃபிலே' என்ற மென்மையான துண்டில் கொழுப்பு குறைவு, முழுதாக வேகவிட்டால் வறண்டுவிடும். 'ரிப்-ஐ' துண்டு தாங்கும். 'வெல் டன்', அதாவது முழுதாக வெந்தது, கேட்கக் கூசவே வேண்டாம். ஆனால் அதற்காக டிரை ஏஜிங் செய்த துண்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண். அந்த ருசியில் பாதி நெருப்பிலேயே போய்விடும். தட்டில் சிவப்பாகக் கசிவதைப் பார்த்து ரத்தம் என்று பயப்படுகிறவராக இருந்தால், அது மையோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த நீர் என்று சொல்லிவையுங்கள். முழுத் துண்டு ஸ்டேக்குக்கு அரசு சொல்லும் பாதுகாப்பான உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ், சுட்டபின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். அதை மனத்தில் வைத்து, வெல் டன்னுக்கு ஒரு படி குறைவாக வெந்த 'மீடியம் வெல்' ஒரு தடவை முயன்று பார்க்கலாம்.

நீங்கள் ஆட்டிறைச்சி சாப்பிடுவீர்கள் என்றால் மன்ஹாட்டனில் 1885 முதல் இருக்கும் கீன்ஸ் ஸ்டேக்ஹவுஸ் பொருத்தமாக இருக்கும். அங்கே பேர்போனதே மட்டன் சாப்தான். எந்தக் கடையானாலும் உருளைக்கிழங்கை எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள், மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் உண்டு.

இனி பில். ஸ்டேக் விலையில் ஸ்டேக் மட்டும்தான் வரும். கீரை, உருளைக்கிழங்கு எல்லாம் தனிக் கணக்கு. அவை பெரிய பாத்திரத்தில் வரும், இருவருக்கு ஒன்றிரண்டு போதும். தண்ணீர் என்ன வேண்டும் என்று சர்வர் கேட்டால் 'டேப் வாட்டர்' என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பாட்டில் திறந்துவிடுவார்கள், அதற்கும் விலை உண்டு. மெனுவில் இல்லாத ஸ்பெஷலை வாயால் சொன்னாலோ, 'மார்க்கெட் ப்ரைஸ்' என்று போட்டிருந்தாலோ, விலை என்ன என்று அங்கேயே கேளுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மெனு விலையைக் கூட்டி 250 டாலர் வந்தால் நியூயார்க் நகர விற்பனை வரி 8.875 சதவீதம், அதாவது சுமார் 22 டாலர். டிப்ஸ் 20 சதவீதம் என்றால் 50. ஆக 322 டாலர். டிப்ஸை வரிக்கு முந்தைய தொகைக்குக் கணக்கிட்டால் போதும். பில்லில் ஏற்கெனவே 'கிராஜுவிட்டி' (டிப்ஸ்தான்) சேர்த்திருந்தால் இரண்டாம் முறை கொடுக்க வேண்டாம்.

எப்படிப் பணம் வாங்குகிறார்கள் என்பதையும் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 1887-இல் தொடங்கிய புரூக்ளின் பீட்டர் லூகர் ஸ்டேக்ஹவுஸில் கிரெடிட் கார்டு செல்லாது. டெபிட் கார்டோ ரொக்கமோ கொண்டுபோக வேண்டும்.