மாமிக்கும் மகனுக்கும் ஒரே கப்பல்

கேள்வி: கனடாவில் வசிக்கும் என் அண்ணன் குடும்பத்தினர் வரும் ஓகஸ்ட் மாதம் ஊருக்கு வருகிறார்கள். எல்லோருமாகச் சிங்கப்பூர் சென்று அங்கிருந்து கப்பல் சுற்றுலா போகலாம் என்கிறார் அண்ணன். பிள்ளைகள் 20 முதல் 23 வயதுக்குட்பட்டவர்கள். மாமிக்கு 74 வயது, முழங்கால் வலி. மாமா இருதய நோய்க்கு மருந்து எடுப்பவர். இரு சாராருக்கும் பொருந்தும் பயணத்தை எப்படித் தெரிவு செய்வது?
– வாசகி, கல்லடி

பதில்: பயண முகவர் தரும் பிரசுரத்தில் முதலில் கண்ணில் படுவது கப்பலின் படம்தான். இளையவர்களுக்காக அதைப் பார்த்துத் தெரிவு செய்வதில் தவறில்லை. நீச்சல் தடாகம், பாறை ஏறும் சுவர், இரவுக் கலை நிகழ்ச்சி என்று அவர்கள் விரும்புபவை பெரிய கப்பல்களுக்குள்ளேயே இருக்கின்றன. மூத்தவர்களுக்காகப் பார்க்க வேண்டியது கப்பலை அன்று, அது போய் நிற்கும் துறைமுகத்தை.

கப்பல் துறைமேடையோடு அணைந்து நின்றால் நடந்தோ சக்கர நாற்காலியிலோ இறங்கலாம். அதற்கு வசதியில்லாத இடங்களில் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை ஏற்றிக் கரை சேர்ப்பார்கள். ஆடிக்கொண்டிருக்கும் படகுக்குள் எடுத்து வைக்கும் அந்த ஓரடிதான் முழங்கால் வலியுள்ளவருக்குப் பெரும் சோதனை. அலை அதிகமானால் சக்கர நாற்காலியில் இருப்பவரைப் படகில் ஏற்ற மறுத்துவிடுவதும் உண்டு.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் குறுகிய பயணங்களில் பல, மலேசியாவின் பினாங்குக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் போகின்றன. பினாங்கில் ஜோர்ஜ் டவுன் நகரை ஒட்டியே உள்ள சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் அணைகிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில், குயின் வீதியில், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாமியையும் மாமாவையும் டக்சியில் அழைத்துச் சென்று அம்மனைக் கும்பிட்டு, அயலிலுள்ள தமிழ்க் கடையொன்றில் தேநீர் குடித்துவிட்டு மதியத்துக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். பிள்ளைகள் அந்நேரத்தில் பழைய தெருக்களின் சுவரோவியங்களைத் தேடித் திரியட்டும். புக்கெட்டிலோ பெரிய கப்பல்கள் பல பட்டோங் குடாவில் நங்கூரமிட்டே நிற்கின்றன. அதிலும் நீங்கள் போக நினைப்பது ஓகஸ்டில். தென்மேல் பருவக்காற்று வீசும் அக்காலத்தில் அந்தமான் கடல் கொந்தளிப்பது வழக்கம். மலாக்கா நீரிணையைச் சுமாத்திரா தீவு மறைத்து நிற்பதால் பினாங்கு வரையிலான கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஆகவே பினாங்கு மட்டும் போய்த் திரும்பும் 3 இரவுப் பயணமே என் தெரிவு. புக்கெட் இல்லையா என்று பிள்ளைகள் முகம் சுளித்தால், உழைக்கத் தொடங்கியதும் தங்கள் காசில் போய் வரட்டும்.

ஆட்டம் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும்தான். அங்கே, லிஃப்டுக்கு அருகில், பால்கனியுள்ள அறையை மாமா மாமிக்குக் கேட்டு வாங்குங்கள். பகலில் அறையில் இருக்கப்போகிறவர்கள் அவர்களே. தூங்க மட்டும் வரும் பிள்ளைகளுக்கு ஜன்னலில்லாத உள்ளறை போதும். ஆனால் பிள்ளைகள் தனி அறையில் தங்குவதற்கு வயதெல்லை உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். வட அமெரிக்காவிலிருந்து புறப்படும் சில கப்பல்களில் அறைக்கு ஒருவராவது 21 வயதானவராக இருக்க வேண்டும். பகலில் ஆளுக்கொரு பக்கம் போனாலும் இரவுச் சாப்பாட்டை ஒரே மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவின் மாத்திரை நேரத்துக்கு, மாலையில் நேரத்தோடு பரிமாறும் முதல் அமர்வே பொருந்தும்.

துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பைகள் பல மணி நேரம் கழித்தே அறைவாசலுக்கு வந்து சேரும் என்பதால் மருந்துகளும் வைத்தியரின் கடிதமும் கைப்பையில் இருக்க வேண்டும். கொத்தமல்லி அவிக்கவென்று மாமி மின்கேத்தல் எடுத்து வைத்தால் தடுத்துவிடுங்கள். தீ அபாயம் கருதி அதை வாங்கி வைத்து, பயணம் முடிந்து இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். கப்பல் வைத்தியருக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஏற்கனவே உள்ள நோயையும் அவசரமாகக் கரைக்குக் கொண்டு செல்லும் செலவையும் ஏற்கும் காப்புறுதி இல்லாமல் மாமாவை ஏற்றாதீர்கள். பணியாளர் வெகுமதி, இணையம், மதுபானம் ஆகியவையும் பெரும்பாலும் டிக்கெட்டில் அடங்குவதில்லை.

இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூரில் விசா தேவையில்லை, மலேசியாவுக்கு வேண்டும். கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுவோம் என்று விசாவை விட்டுவிட்டால் புறப்படும் இடத்திலேயே நிறுத்திவிடக்கூடும். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா வரை நீண்ட பயணம், அதன் பின் ஏறத்தாழ 4 மணி நேர விமானப் பயணம். ஆகவே முதல்நாளே சிங்கப்பூர் போய் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

கேள்வி: நாங்களும் பெற்றோருடன் அத்தகைய பயணம் போக விரும்புகிறோம். ஹலால் உணவே உண்போம், வாப்பாவுக்கு நீரிழிவு. சாப்பாடு ஒத்துவருமா?
– வாசகர், கல்முனை

பதில்: கப்பலில் பன்றியிறைச்சியும் மதுவும் பரிமாறப்படும், ஒரே சமையலறையில் சமைப்பதும் உண்டு. ஹலால் சான்றிதழ் பெற்ற தனிச் சமையலறை உண்டா, கேட்டால் மட்டும் தனியாகச் சமைத்துத் தருவார்களா என்ற இரண்டையும் பிரித்துக் கேட்டு, முன்பதிவின்போதே பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாப்பாவைப் பொறுத்தவரை நாள் முழுதும் திறந்திருக்கும் சுய பரிமாறல் மண்டபமே சிக்கல். அங்கே இனிப்பு மேசை பெரியது. மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறும் உணவகத்தில் அவரை அமர்த்தி, சீனி சேர்க்காத உணவு வேண்டுமென முதல் இரவே பரிசாரகரிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலின் பயன்படுத்துபவராயின் அறையில் குளிர்பதனப் பெட்டி உண்டா என்பதையும் முன்பதிவின்போதே கேளுங்கள்.